நாம் இறங்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? காட்டுயிர்த் திட்டங்களைத் தீட்டுவதும் அளப்பதும்

இங்கிலாந்தில் புதிய சாலைகள் வௌவால்களின் பறக்கும் தடங்களைக் குறுக்கே வெட்டிய சில இடங்களில், சாலைக்கு மேலே உயரமான கம்பங்கள் நட்டு இடையில் கம்பிகளைக் கட்டினார்கள். வேலியோரமாகவும் மரவரிசையோரமாகவும் பறந்து பழகிய வௌவால், தன் எதிரொலியில் அந்தக் கம்பியை வேலியின் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டு, லாரிக்கு மேலாகவே சாலையைக் கடந்துவிடும் என்பது கணக்கு. கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தியிலும் விடியலிலும் சாலையோரம் உட்கார்ந்து, எத்தனை வௌவால் எந்த உயரத்தில் கடக்கிறது என்று எண்ணி 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை கம்பியைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய தடத்திலேயே, வாகனம் வரும் உயரத்திலேயே கடந்தன. கட்டி ஒன்பது ஆண்டான கம்பியிலும் இதே நிலைதான். போகப்போகப் பழகிவிடும் என்ற சமாதானத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கம்பி கட்டினார்கள், ‘வௌவால் கடவை அமைக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதினார்கள், இரண்டும் உண்மை. கம்பி கட்டியதால் வௌவால் சாவது குறைந்ததா என்பதுதான் கேட்கப்படாத கேள்வி. அதைக் கேட்க வேண்டுமானால் ‘பயன்படுத்துவது’ என்றால் என்ன என்று முன்பே வரையறுத்திருக்க வேண்டும்: கம்பிக்கு எத்தனை மீட்டருக்குள், தரையிலிருந்து எத்தனை மீட்டருக்கு மேல். பக்கத்தில் பறந்ததை எல்லாம் பயன்படுத்தியதாகச் சேர்த்துக்கொண்டால் எந்தக் கம்பியும் வெற்றிதான்.

சான்று அடிப்படையிலான பாதுகாப்பு என்று இன்று பாடமாகச் சொல்லித்தரப்படுவதன் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது. நாம் இறங்காமல் இருந்திருந்தால் இங்கே என்ன நடந்திருக்கும்? மதிப்பீட்டைத் திட்டம் முடிந்தபின் செய்யும் வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்குமா கிடைக்காதா என்பது முதல் ரூபாயோ முதல் டாலரோ செலவாகும் முன்பே முடிவாகிவிடுகிறது.

சங்கிலியை எழுதுவது

திட்டமிடலுக்குப் பரவலாகப் பயன்படும் சட்டகம் ‘பாதுகாப்புத் தரநிலைகள்’. பல அமைப்புகள் சேர்ந்து 2004-இல் முதல் பதிப்பை வெளியிட்டன. நிலையை அறி, திட்டமிடு, செய், பகுத்தாய்ந்து மாற்றிக்கொள், பகிர் என்று ஐந்து படிகள். முதல் படியில் எதைக் காக்கிறோம், எந்த எல்லைக்குள் என்பதை ஒரு பத்தியில் எழுத வேண்டும். பிறகு அச்சுறுத்தல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண்: எவ்வளவு பரப்பைத் தொடுகிறது, தொட்ட இடத்தில் எவ்வளவு கடுமை, திரும்ப மீட்க முடியுமா. இதை ஒரு நாளில் முடித்துவிடலாம். இரண்டு வாரம் இழுப்பவர்களையும் பார்க்கலாம். மதிப்பெண் 3-ஆ 4-ஆ என்ற சண்டையில் பெரிதாக எதுவும் இல்லை.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அடுத்தது. நம் செயலிலிருந்து உயிரினத்தின் எண்ணிக்கை வரை ஒவ்வொரு கண்ணியாகக் காரணகாரியச் சங்கிலியை எழுத வேண்டும். பாறுக் கழுகுகளின் கதையை எடுத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். தெற்காசியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1990-களில் தொடங்கி சரிந்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மாட்டுக்குப் போடும் வலிநிவாரணியான டைக்ளோஃபினாக்கின் எச்சம் செத்த மாட்டின் உடலில் இருந்து, அதைத் தின்ற பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் உறுதியாகி 2004-இல் வெளியானது. மாட்டுச் சடலங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றில் மட்டும் நஞ்சு இருந்தாலே அந்தச் சரிவுக்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தன.

சங்கிலியாக எழுதினால்: தடை → மருந்துக் கடையில் விற்பனை நிற்பது → கால்நடை மருத்துவர் பாறுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்துக்கு மாறுவது → சடலங்களில் எச்சம் குறைவது → பாறுகளின் சாவு குறைவது → எண்ணிக்கை நிமிர்வது. எங்கே அறுந்தது? இரண்டாவது கண்ணியில். மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் பெரிய குப்பிகளில் மலிவாகக் கிடைத்தது, அது மாட்டுக்குப் போயிற்று. சடலங்களின் ஈரல் மாதிரிகளைத் தொடர்ந்து சோதித்ததாலும், ஆட்களை வாடிக்கையாளர்போல் மருந்துக் கடைகளுக்கு அனுப்பிக் கேட்டதாலும்தான் இது தெரியவந்தது. இந்தியா 2015-இல் அந்தப் பெரிய குப்பிகளையும் நிறுத்தியது. பாறுகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவையின் எண்ணிக்கையில் ஏதாவது மாற்றம் தெரிய ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அளவீடு. எல்லாவற்றையும் அளக்கப் பணம் இல்லையென்றால், எந்தக் கண்ணியில் நமக்கே நம்பிக்கை குறைவோ அதை முதலில் அளக்க வேண்டும். திட்டம் எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்: உறுதியாகத் தெரிந்ததை அளப்பது. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை துண்டறிக்கை போயிற்று.

சங்கிலி சரியாக இருந்தும் தவறான இடத்தில் கை வைப்பதும் உண்டு. கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை. மனதுக்கு நிறைவளிக்கும் வேலையும்கூட. 1987-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் பெருந்தலைக் கடலாமைகளை வயதுக்கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தின் சாவைக் குறைத்தால் மொத்த எண்ணிக்கை நிமிரும் என்று கணக்கிட்டது. கூடுகளில் ஒரு முட்டைகூட வீணாகாமல் காத்தாலும் அதனால் மட்டும் சரிவு நிற்காது என்று வந்தது. பெரிதாகி, ஆனால் இன்னும் முட்டையிடும் வயதுக்கு வராத ஆமைகள் இறால் இழுவலைகளில் சிக்கிச் சாவதுதான் எடை கூடிய கண்ணி. வலைக்குள் சாய்வாகப் பொருத்தும் கம்பித்தட்டு இதற்குத்தான். இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து பின்னால் போய்விடும், ஆமை தட்டில் முட்டித் திறப்பின் வழியே வெளியேறும். முட்டை காப்பது வீண் என்பதல்ல இதன் பொருள். அது ஒன்றே போதும் என்று நினைப்பதற்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் ஏற்கெனவே செய்துபார்த்தது

எண்ணம் ஒன்று தோன்றியதும், அதை யாராவது செய்து அளந்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். சூழலியலாளர் வில்லியம் சதர்லாந்து தொடங்கிய ‘கன்சர்வேஷன் எவிடென்ஸ்’ தரவுத்தளம் 2004 முதல் இதற்காகவே இருக்கிறது, இலவசம். அதன் சிறப்பு, உயிரினத்தை வைத்து மட்டும் அல்லாமல் செயலை வைத்து அடுக்கியிருப்பது. தேடும்போதும் அப்படித்தான் தேட வேண்டும். ‘யானை’ என்று போட்டால் கடல். ‘வயலைச் சுற்றித் தேன்கூட்டு வேலி’ என்று செயலை எழுதினால் கையடக்கமாக வரும். ஒவ்வொரு செயலுக்கும் பயன், சான்றின் உறுதி, தீங்கு என்று மூன்றையும் தனித்தனியாக வல்லுநர் குழு மதிப்பிடுகிறது. பயன் அதிகம், உறுதி குறைவு என்ற சேர்க்கைதான் புதியவர்களை அதிகம் ஏமாற்றும்: இரண்டே ஆய்வு, இரண்டிலும் நல்ல விளைவு, இரண்டிலும் ஒப்பீட்டு இடம் இல்லை.

ஆய்வு கிடைத்ததும் சுருக்கத்தோடு நிறுத்திவிடாமல் செய்முறைப் பகுதியைப் படிக்க வேண்டும். எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை இடம்? எத்தனை காலம்? எந்தப் பருவம்? ஒரே அறுவடைப் பருவத்தில் வேலை செய்த ஒலி விரட்டி, மூன்றாம் பருவத்தில் விலங்குக்குப் பழகிப்போயிருக்கும். இன்னொன்று: ‘சான்று இல்லை’ என்பதும் ‘பயனில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது’ என்பதும் இரு வேறு விஷயம். முதலாவதென்றால் செய்துபார்க்கலாம், அளந்துகொண்டே. இரண்டாவதென்றால் நம் இடம் ஏன் வேறு என்று சொல்லத் தெரிந்தால் மட்டும்.

உள்ளூர்க்காரரின் அனுபவமும் சான்றுதான், கேட்கும் விதத்தில் கேட்டால். பத்துப் பேரை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசுபவரின் எண்ணிக்கையையே மற்றவர்களும் சொல்வார்கள். ஒவ்வொருவரும் தனித்தாளில் குறைந்தபட்சம், அதிகபட்சம், அநேகமாக இவ்வளவு என்று மூன்று எண்களை எழுதட்டும். பிறகு பெயரில்லாமல் எல்லாத் தாளையும் காட்டி விவாதித்து, மறுபடி தனியாக எழுதட்டும். இரண்டாவது சுற்று எண்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டு இடம்

கோஸ்டாரிகாவின் பாதுகாக்கப்பட்ட காடுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு இந்தத் துறையையே கொஞ்சம் உலுக்கியது. காப்பகத்துக்கு உள்ளே இருக்கும் காட்டையும் வெளியே இருக்கும் காட்டையும் அப்படியே ஒப்பிட்டால், பாதுகாப்பு பெரிய சாதனை செய்ததுபோல் தெரிகிறது. ஆனால் காப்பகங்கள் பெரும்பாலும் செங்குத்தான சரிவிலும் சாலைக்குத் தூரத்திலும் இருப்பவை. யாரும் காக்காவிட்டாலும் அங்கே வெட்டுவது குறைவாகத்தான் இருந்திருக்கும். சரிவு, சாலைத் தூரம், மண்வளம் போன்றவற்றில் ஒத்த துண்டுகளை வெளியிலிருந்து தேர்ந்தெடுத்து ஒப்பிட்டபோது, காக்கப்பட்ட காட்டில் சுமார் 10 சதவீதம்தான் பாதுகாப்பு இல்லாவிட்டால் அழிந்திருக்கும் என்று வந்தது. சாதாரண ஒப்பீடு பயனை 65 சதவீதத்துக்கும் மேல் மிகைப்படுத்தியிருந்தது. பயன் இருந்தது, ஆனால் சொல்லப்பட்ட அளவு இல்லை.

களத்தில் சிறு திட்டம் நடத்துபவர் இதை எப்படிக் கையாள்வது? கற்பனையாக ஒரு கணக்கு. யானை பயிர் மேய்வதைத் தடுக்கச் சில கிராமங்களில் வேலி போடுகிறோம். வேலிக்கு முந்தைய பருவத்தில் 40 முறை சேதம், பிந்தைய பருவத்தில் 24. அறிக்கையில் ‘சேதம் 40 சதவீதம் குறைந்தது’ என்று போகும். வேலி போடாத, மற்றபடி ஒத்த கிராமங்களில் இதே காலத்தில் 38 என்பது 30 ஆகியிருக்கிறது. மழை நன்றாகப் பெய்து காட்டிலேயே தீனி இருந்திருக்கலாம். அப்படியானால் வேலி இல்லாமலும் நம் 40 என்பது சுமார் 32-க்கு வந்திருக்கும். வேலியின் பங்கு 32-இலிருந்து 24, அதாவது கிட்டத்தட்ட 25 சதவீதம்தான். முன்-பின், செய்த இடம்-செய்யாத இடம் என்று நான்கு எண்களும் கையில் இருந்தால் மட்டுமே இதைச் சொல்ல முடியும். நான்கில் இரண்டு எண்கள், தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை.

இங்கே கவனிக்க வேண்டிய இரு பொறிகள். ஒன்று, போன ஆண்டு சேதம் மிக அதிகமான கிராமங்களைத் தேர்ந்தெடுத்தால், எதுவும் செய்யாமலே அடுத்த ஆண்டு எண் இறங்கும். மோசமான ஆண்டில் ஒரு பகுதி துரதிர்ஷ்டம். அது இரண்டாம் ஆண்டு திரும்ப வர வேண்டியதில்லை. மூன்று நான்கு ஆண்டுச் சராசரியை வைத்துத் தேர்ந்தெடுத்தால் இது தணியும். இன்னொன்று, வேலியில் முட்டித் திரும்பும் யானை பக்கத்து ஊருக்குப் போகும். அந்தப் பக்கத்து ஊரையே ஒப்பீட்டுக்கு வைத்திருந்தால், நம் ஊரின் லாபமும் அவர்களின் நட்டமும் சேர்ந்து வேலியை இரட்டிப்பாகப் புகழும். ஒப்பீட்டு ஊர் யானை ஓரிரவில் போய்ச்சேராத தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து ஊரையும் தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் தொல்லையை அவர்கள் தலையில் கட்டினோமா என்பதும் தெரிந்தாக வேண்டிய விஷயம்.

‘ஒப்பீட்டுக்காகச் சில ஊரை உதவி இல்லாமல் விடுவது நியாயமா?’ என்ற கேள்வி எப்போதும் வரும். நேர்மையான கேள்விதான். பெரும்பாலும் பணமே இதற்குப் பதில் சொல்லிவிடுகிறது: தகுதியான ஊர் 24, முதல் ஆண்டுப் பணம் 12 ஊருக்கு. எந்த 12 என்பதை ஊர்க்காரர்கள் முன்னிலையில் குலுக்கலில் எடுத்து, மற்ற 12-க்கு அடுத்த ஆண்டு என்று எழுதிக்கொடுத்தால், ஓராண்டுக்கு மிகச் சுத்தமான ஒப்பீடு கிடைக்கிறது, யாரும் விடுபடவும் இல்லை. குலுக்கல் என்றதும் முகம் சுளிப்பவர்கள், யாருக்குத் தெரிந்தவர் ஊர் முதலில் என்ற இப்போதைய முறையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எண்ணுவதில் உள்ள ஓட்டை

பார்க்காதது எல்லாம் இல்லாதது அல்ல. ஒரு குளத்தில் நீர்நாய் இருந்தும் ஒரு முறை போனால் தடயம் கிடைக்கும் வாய்ப்பு 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் கிடைக்காமல் போக 0.7 × 0.7 × 0.7, அதாவது 34 சதவீத வாய்ப்பு. ‘இங்கே இல்லை’ என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல ஒன்பது முறை போக வேண்டும். புதர் அடர்ந்த ஆண்டில் அந்த 30 சதவீதம் 15 ஆகிவிட்டால், நீர்நாய் அப்படியே இருக்க, ஒரே முறை போய்ப் போட்ட நம் வரைபடத்தில் அது பாதியாகிவிடும். எனவே ஒரே இடத்துக்குப் பல முறை போய், கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் சேர்த்தே கணக்கிடும் முறைகள் 2002 வாக்கில் இருந்து பரவலாயின.

எண்ணும் முறையே ஆட்டங்கண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் சரிஸ்கா புலிகள் காப்பகம் போதும். காலடித்தடங்களை வைத்துக் கணக்கெடுத்து அங்கே பத்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகச் சொல்லிவந்தார்கள்; 2005 தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது. அதன்பிறகுதான் நாடு முழுவதும் தானியங்கி கேமராவில் பதியும் வரிகளை வைத்துத் தனிப் புலிகளை அடையாளம் காணும் முறைக்கு மாறினார்கள்.

எவ்வளவு நடந்தால் போதும்? மான் போன்றவற்றை நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கண்ட கூட்டத்தின் தூரத்தைக் குறித்து எண்ணும் முறைக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. முன்னோட்டமாக 20 கிலோமீட்டர் நடந்து 10 கூட்டம் பார்த்தோம் என்றால், ஒரு கூட்டத்துக்கு 2 கிலோமீட்டர். மதிப்பீட்டின் பிழை 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமானால் 3-ஐ 0.2-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும், 75 வரும். அதை 2-ஆல் பெருக்கினால் 150 கிலோமீட்டர் நடை. பிழையை 10 சதவீதமாகப் பாதியாக்க 600 கிலோமீட்டர். பிழை பாதியாக வேண்டுமென்றால் உழைப்பு நான்கு மடங்கு. இந்த நடையை இரண்டு மூன்று நீண்ட பாதைகளில் முடிக்காமல் 15, 20 பாதைகளாகச் சிதறவிட வேண்டும்.

இப்போது கசப்பான பகுதி. இரு ஆண்டுகளின் மதிப்பீடும் தலா 20 சதவீதப் பிழையோடு இருந்தால், அவற்றின் வித்தியாசத்தின் பிழை சுமார் 28 சதவீதம். அதைப்போல் இருமடங்கு, ஏறத்தாழ 55 சதவீத மாற்றம் வந்தால்தான் ‘மாறியது’ என்றே துணிந்து சொல்லலாம். மூன்றாண்டுத் திட்டத்தில் மான் 55 சதவீதம் பெருகாது. அதாவது 150 கிலோமீட்டர் நடந்து, அந்தத் திட்டம் வென்றதா தோற்றதா என்று சொல்லவே முடியாத தரவைச் சேகரித்து வருவோம். இந்தக் கணக்கு அரை மணி நேர வேலை. முன்பே போட்டிருந்தால், அந்தப் பணத்தில் வேட்டைக்காரர்கள் வைக்கும் சுருக்குக் கண்ணிகளின் எண்ணிக்கையையோ வேட்டை நாய்களின் நடமாட்டத்தையோ அளந்திருக்கலாம். மூன்றாண்டில் மாறக்கூடியவை அவைதான்.

கண்ணி எண்ணுவதிலும் ஒரு சிக்கல். ரோந்தில் 200 கண்ணி எடுத்தோம், போன ஆண்டு 100 என்றால் வேட்டை கூடியதா, தேடல் கூடியதா? நடந்த தூரத்தால் வகுத்தால் ஓரளவு சரியாகும். ஆனால் காவலர்கள் கண்ணி கிடைக்கும் இடத்துக்கே திரும்பப் போவார்கள். அவர்கள் வேலை அது, தவறில்லை. ரோந்துத் தூரத்தில் ஒரு சிறு பங்கை மட்டுமாவது முன்பே குலுக்கிப்போட்ட கட்டங்களுக்கு ஒதுக்கினால், அந்தப் பங்கின் எண்கள்தான் ஆண்டுக்காண்டு ஒப்பிடத் தகுந்தவை.

எப்போது நிறுத்துவது, எப்போது பாய்வது

அளந்துகொண்டே இருப்பதும் ஒரு நோய். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த சிறு வௌவால் இனம் ஒன்று 1990-கள் முதல் சரிவதைத் துல்லியமாகப் பதிவுசெய்துகொண்டே வந்தார்கள். பிடித்து வளர்க்கலாம் என்று அனுமதி கிடைத்து 2009-இல் குழு போனபோது, ஒலிப்பதிவுக் கருவியில் ஒரே ஒரு வௌவால்தான் கேட்டது. அந்த ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அதுவும் இல்லை. எண்ணிக்கை இவ்வளவுக்குக் கீழே போனால் இன்னது செய்வோம், இன்னார் முடிவெடுப்பார், இத்தனை நாளுக்குள் என்று முன்பே எழுதி வைக்காத கண்காணிப்பு இப்படித்தான் முடியும். திட்டத்தில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் எதிரே ‘இந்த எண் வந்தால் என்ன மாற்றுவோம்?’ என்று ஒரு கட்டம் போடலாம். எந்த எண் வந்தாலும் எதுவும் மாறாது என்றால், அந்த அளவீட்டை அடித்துவிட்டுப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பலாம்.

எதிர்பாராத விளைவுக்கும் ஒரு வரிசை ஒதுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தீவில் கடற்பறவைகளைத் தின்ற பூனைகளை 2000-இல் ஒழித்தபின் முயல்கள் பெருகித் தாவரங்களை மொட்டையடித்தன. பூனை போனதுதான் காரணம் என்றது ஒரு குழு. முயலை அடக்கிவந்த வைரஸின் வீரியம் குறைந்ததே காரணம் என்றது மற்றொன்று. முயலும் எலியும் பின்னர் ஒழிக்கப்பட்டு 2014-இல் தீவு மீண்டது. ஆனால் அந்த வாதம் எழுந்ததற்குக் காரணம், இரண்டு மாற்றங்கள் ஒரே காலத்தில் நடந்ததும் ஒப்பிட இன்னொரு தீவு இல்லாததும்தான்.

மதிப்பீட்டுக்கான செலவைத் திட்டச் செலவில் தனிவரியாகவே காட்டுவது நல்லது. ‘இதர செலவு’ என்பதற்குள் புதைத்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். எல்லாத் திட்டத்துக்கும் ஒப்பீட்டு இடம் வேண்டும் என்றும் இல்லை. பத்து இடத்தில் நிரூபணமான முறையைப் பதினோராவது இடத்தில் செய்கிறோம் என்றால், சரியாகச் செய்தோமா என்று பார்த்தால் போதும். புதிய முறை, அல்லது பிறர் பின்பற்றப்போகும் முறை என்றால் கணக்கு வேறு.

பயிற்சி பெறுபவர்கள் பெரும்பாலும் கடைசியில்தான் பதிவுத்தாளைப் பார்க்கிறார்கள். அதை முதலில் பார்க்கலாம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், யார் பார்த்தார், வானிலை, நடந்த தூரம், பிறகுதான் விலங்கு. களத்தில் எதுவும் தென்படாத நாளில் பலரும் தாளை நிரப்புவதே இல்லை, அல்லது எண்ணிக்கைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பத்தாண்டு கழித்து அதை எடுத்துப் பார்ப்பவருக்கு, அன்று போய்ப் பார்த்து ஒன்றும் இல்லையா, போகவே இல்லையா, தாள் நனைந்து அழிந்ததா என்று தெரிய வழியில்லை. போய்ப் பார்த்து எதுவும் தென்படவில்லை என்றால் 0 என்று எழுத வேண்டும். போகவில்லை என்றால் குறுக்குக்கோடு போட்டு, ஏன் என்று ஒரு சொல்.